தாதியின் கையும் உடலின் அரணும்

'கைகழுவி விடுதல்' என்பது நம் பேச்சு வழக்கிலே பொறுப்பினைத் துறத்தலைக் குறிக்கும் தொடர். ஒருவன் தன் உடன்பிறந்தானைக் கைகழுவி விட்டான் என்றால், இனி அவனுடைய நன்மை தீமைகளுக்குத் தான் பொறுப்பல்லன் என விலகிக்கொண்டான் என்பதே பொருளாம். ஆயின், வைத்தியசாலையின் வாயிலைக் கடந்ததும் இத்தொடர் தன் பொருளை முற்றாக மாற்றிக்கொள்கின்றது. அங்கே கை கழுவுதல் பொறுப்பினை ஏற்றலாகும். இந்த எளிய உண்மை தக்க சான்றுடன் நிறுவப்பெற்று இன்னும் இருநூறு ஆண்டுகள் நிரம்பவில்லை. நிறுவியவரை உலகம் உடனே நம்பவும் இல்லை. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் வினா. வரலாறு கற்பிக்கும் ஆசிரியனே சுகாதாரப் பாடத்தையும் சேர்த்து எடுப்பது நம் பாடசாலைகளிற் புதுமையன்று. அவ்வாறு இரு பாடங்களையும் என்னிடம் பயின்று, இப்பொழுது தாதியர் பயிற்சி பெற்றுவரும் ஒருத்தி, விடுமுறையில் வீடு வந்தபோது என்னைக் காண வந்தாள். "சேர், ஒரு கட்டிலிலிருந்து மற்றக் கட்டிலுக்குப் போகும்போதெல்லாம் கை கழுவச் சொல்கிறார்கள். கையில் ஊத்தை ஒன்றும் இல்லாவிட்டாலும் கழுவத்தான் வேண்டுமா? நோயை எதிர்க்கிற சக்தி உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?" என்றாள்.

அவளுடைய வினாவினுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. கண்ணுக்குத் தூய்மையாய்த் தோன்றும் கை நோயைக் கடத்துமா என்பது ஒன்று. உடலுக்கு இயல்பாகவே காவல் இருக்க, பிறர் கைத் தூய்மையை நாடுவது எதற்கு என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை வியன்னா நகரிலே கிடைத்தது. இரண்டாம் வினாவிற்குத் தெளிவான விடை கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னாப் பொது வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பகுதி ஐரோப்பாவிலுள்ள மிகப் பெரியவற்றுள் ஒன்றாக விளங்கிற்று. அஃது இரு பிரிவுகளாக இயங்கியது. முதலாம் பிரிவில் மருத்துவ மாணாக்கர் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சிகள் பயிற்சி பெற்றனர். தாய்மார் நாள் மாறி நாள் இவ்விரு பிரிவுகளிலும் அனுமதிக்கப்பட்டனர். கட்டடம் ஒன்று, உணவு ஒன்று, காற்றும் ஒன்றே. ஆயினும் 1841 முதல் 1846 வரையான ஆண்டுகளில் முதலாம் பிரிவிற் பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் இறந்தோர் நூற்றுக்கு 4 பேரிலும் குறைவு. அவர்களைப் பெரும்பாலும் கொன்றது பிரசவக் காய்ச்சல் என்னும் கொடுநோய். நகரத்துப் பெண்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பிரிவுக்கு அனுப்பவேண்டாம் என்று முழந்தாளிட்டுக் கெஞ்சியவரும் உளர். வழியிலே, தெருவிலே பிள்ளை பெற்று வந்த ஏழைப் பெண்களுக்குக்கூட முதலாம் பிரிவிற் பெற்றவர்களைக் காட்டிலும் இந்நோய் குறைவாகவே கண்டது.

1846 ஆம் ஆண்டிலே இப்பிரிவில் உதவி வைத்தியராகப் பதவியேற்றவர் இக்னாஸ் செம்மல்வைஸ். அவர் 1818 இல் ஹங்கேரி நாட்டுப் பூடா நகரிற் பிறந்தவர். இம்மரணங்கள் அவரை உறங்கவிடவில்லை. அக்கால வைத்தியர் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். நெருக்கடியே காரணம் எனின், இரண்டாம் பிரிவிலே நெருக்கடி மிகுதி. காற்றிற் கலந்த நச்சாவி காரணம் எனின், இரு பிரிவுகளுக்கும் அது பொது. இறப்பவர்க்கு இறுதிக் கிரியை செய்ய வரும் பாதிரியாரின் மணியோசை தாய்மாரை அச்சுறுத்துகின்றது என்றனர். மணியை நிறுத்தி, அவர் வரும் வழியையும் மாற்றச் செய்தார். பயன் விளையவில்லை. பிள்ளை பெறும்போது தாய் படுக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார். அதனாலும் பயனில்லை.

1847 மார்ச் மாதத்திலே ஒரு துயர நிகழ்ச்சி அவருக்கு வழிகாட்டிற்று. அவருடைய நண்பரும் சட்ட மருத்துவப் பேராசிரியருமான கொலெச்கா என்பார் பிரேத பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, மாணாக்கன் ஒருவனது கத்தி அவர் விரலிற் குத்திவிட்டது. அக்காயத்தால் நோயுற்று அவர் இறந்தார். அவருடைய உடலைத் திறந்து பார்த்தபோது காணப்பட்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார் உடலிற் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. கொலெச்காவின் உடலிற் பிணத்தின் நச்சுப் பொருளைப் புகுத்தியது கத்தி. தாய்மாரின் உடலில் அதனைப் புகுத்தியது எது? மாணாக்கரும் வைத்தியரும் காலையிற் பிரேதங்களை அறுத்துவிட்டு, அதே கையோடு மகப்பேற்று விடுதிக்கு வந்து தாய்மாரைப் பரிசோதித்தனர். மருத்துவிச்சிகள் பிரேத பரிசோதனை செய்வதில்லை. ஆகவே முதலாம் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்குமிடையே இருந்த வேற்றுமை கையிலே இருந்தது. செம்மல்வைஸ் தம் கையையும் அக்குற்றத்தினின்றும் விலக்கினாரல்லர்.

இதனைக் கேட்கும் நம்மவர் சிலர், 'செத்த வீட்டுக்குப் போனவன் தோய்ந்துவிட்டே வீட்டினுள் நுழையவேண்டும் என்ற நம் துடக்கு வழக்கத்தில் இவ்வுண்மை அன்றே இருந்தது' என்று பெருமை கொள்வர். அவ்வழக்கம் நல்ல பழக்கத்தைப் பேணியது உண்மையே. ஆயினும் அதனைக் கொண்டு நம் முன்னோர் கிருமிகளை அறிந்திருந்தனர் என்று முழங்குதல் வரலாற்று நேர்மையாகாது. துடக்கு என்பது உறவுமுறை பற்றியும் நாட்கணக்குப் பற்றியும் அமைவது. தொற்று அவ்விரண்டையும் பார்ப்பதில்லை. பிணத்தைத் தொட்ட கையைக் கழுவவேண்டும் என்று கூறிய வழக்கம், உயிரோடிருக்கும் ஒரு நோயாளியைத் தொட்ட கையைப் பற்றி அவ்வாறே கூறவில்லை. செம்மல்வைஸ் அந்த இரண்டாம் படியையும் தாண்டினார் என்பதை இனிக் காண்போம்.

1847 மே மாத நடுப்பகுதி தொடக்கம், விடுதியினுள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரீன் ஏற்றிய சுண்ணாம்பு நீரிற் கை கழுவவேண்டும் என அவர் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்திலே நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் 2 அளவிற்கும் ஜூலையில் 1 அளவிற்கும் வீழ்ந்தது. 1848 ஆம் ஆண்டு முழுவதிலும் முதலாம் பிரிவில் நிகழ்ந்த 3,556 பிரசவங்களில் இறந்த தாய்மார் 45 பேரே. அவ்வாண்டின் மார்ச், ஓகஸ்ட் ஆகிய இரு மாதங்களில் ஒருவர்தானும் இறக்கவில்லை.

இதற்கிடையில், 1847 ஒக்டோபரில், மற்றுமொரு பாடம் கற்பிக்கப்பட்டது. கருப்பையிற் புற்றுநோய் கொண்ட பெண்ணொருத்தி வரிசையின் முதற் கட்டிலில் இருந்தாள். வைத்தியர்கள் முதலில் அவளைப் பரிசோதித்து, பின் சவர்க்காரத்தால் மட்டும் கைகழுவி, அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றனர். அவளுடன் ஒரே காலத்திற் பிள்ளை பெற்ற 12 பேரில் 11 பேர் இறந்தனர். உயிருள்ள நோயாளியின் புண்ணிலிருந்தும் கை நஞ்சைக் கொண்டுசெல்லும் என்பதை இது காட்டிற்று. அன்று தொடக்கம் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையிலும் குளோரீன் நீரிற் கைகழுவும் விதி பிறந்தது. என் மாணவி கேட்ட 'கட்டிலுக்குக் கட்டில்' என்ற விதியின் பின்னே இப்பதினொரு தாய்மாரும் நிற்கின்றனர்.

இத்துணைத் தெளிவான சான்று இருந்தும் மருத்துவ உலகம் செம்மல்வைஸை ஏற்காதது ஏன்? அவர் தம் நூலை 1861 வரை வெளியிடாது காலந்தாழ்த்தினார். எதிர்த்தோரைக் கொலைகாரர் என்று கடிந்து எழுதினார். ஒரு நோய்க்குப் பல காரணங்கள் உண்டென நம்பிய காலத்தில், ஒரே காரணத்தை வற்புறுத்தினார். கையில் ஒட்டியிருந்த அப்பொருள் யாது என்று அவராற் காட்டவும் இயலவில்லை. இவற்றினும் பெரிய தடை ஒன்று இருந்தது. அவர் கூறியதை ஏற்பின், வைத்தியர் ஒவ்வொருவரும் தாம் காக்க முயன்ற தாய்மாரைத் தம் கையாலேயே கொன்றதாக ஒப்புக்கொள்ள நேரும். அபர்டீன் நகரத்து வைத்தியர் அலெக்சாந்தர் கோர்டன் 1795 இலேயே இந்நோய் வைத்தியராலும் மருத்துவிச்சிகளாலும் கடத்தப்படுகின்றது என எழுதி, தம்மையும் அக்குற்றத்திற் சேர்த்துக்கொண்டார். ஊரார் வெறுப்புக்கு ஆளாகி அவர் அந்நகரை நீங்கினார். அமெரிக்காவில் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843 இல் இதனையே எழுதிக் கண்டனங்களைப் பெற்றார்.

செம்மல்வைஸின் பதவி 1849 இற் புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அவர் வியன்னாவை விட்டுப் பெஸ்ற் நகருக்குச் சென்று, அங்கும் கைகழுவும் விதியால் தாய்மாரைக் காத்தார். இறுதியில் உளநலம் குன்றி, 1865 இல் மனநோய் விடுதியொன்றிற் சேர்க்கப்பட்டு, அங்கே புண் சீழ்ப்பிடித்துக் குருதி நஞ்சேறியதால், ஓகஸ்ட் 13 ஆம் நாள் தமது 47 ஆம் வயதில் உயிர்நீத்தார். தாம் எதிர்த்துப் போராடிய அதே வகை நோய் அவரைக் கொண்டுசென்றது. அதற்கு முதல் நாள், ஓகஸ்ட் 12 இல், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் சத்திர வைத்தியர், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனொருவனின் புண்ணிற் காபோலிக்கமிலத்திற் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். புண் சீழ்ப்பிடிக்காது ஆறிற்று.

லிஸ்டரின் வெற்றிக்கு அடிப்படையாயிருந்தது லூயி பாஸ்டரின் ஆராய்ச்சி. பொருள்கள் புளிப்பதும் அழுகுவதும் நுண்ணுயிர்களாலேயே நிகழ்கின்றன என அவர் காட்டியிருந்தார். புண் அழுகுவதும் அவ்வாறே ஆகலாம் என லிஸ்டர் ஊகித்து, தம் முறையை 1867 இல் வெளியிட்டார். 1879 இற் பாரிஸ் மருத்துவக் கழகத்திலே பிரசவக் காய்ச்சல் பற்றிய விவாதம் நடந்தபோது பாஸ்டர் எழுந்து, மணிக்கோவை போல் அமைந்த கிருமியின் வடிவைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். செம்மல்வைஸ் காணாது உணர்ந்த பொருள் அதுவே. அவர் இறந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்விடத்தில் நம் யாழ்ப்பாணத்தையும் ஒருகணம் நோக்குதல் தகும். செம்மல்வைஸ் கைகழுவும் கட்டளையிட்ட அதே 1847 ஆம் ஆண்டிலேதான் வைத்தியர் சமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவித் தமிழ் மாணாக்கருக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். பிற்காலத்தில் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். 'பிரசவ வைத்தியம்' 1857 இலும் 'இரணவைத்தியம்' 1867 இலும் தமிழில் வெளிவந்தன. பின்னதன் ஆண்டு, லிஸ்டரின் கட்டுரை வெளிவந்த ஆண்டேயாம். கிருமிக் கொள்கை அன்று ஐரோப்பியப் பாடநூல்களிலேயே நிலைபெற்றிருக்கவில்லை. எனவே தமிழில் மருத்துவம் எழுதப்படத் தொடங்கிய காலமும், மருத்துவம் தன் கையையே ஐயுறத் தொடங்கிய காலமும் ஒன்றாயின. கிறீன் தம் மாணாக்கருக்குத் தமிழிற் கற்பித்ததன் பயன் ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. காரணத்தைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவனே அதனை நோயாளிக்கும் விளக்க வல்லவனாவான்.

வைத்தியரின் வரலாறு இவ்வாறாக, தாதியரின் வரலாறு யாது? 1854 நவம்பரிலே புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாறி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். கிரைமியப் போரிற் காயமுற்றோரும் நோயுற்றோரும் அங்கே நிரம்பியிருந்தனர். 1855 பெப்ரவரியில் அங்குச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். அம்மையாரும் தாதியரும் அயராது உழைத்தும் மரணம் தணியவில்லை. மார்ச் மாதத்தில் வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் கீழ் அடைபட்டிருந்த கழிவுக் கால்வாய்களைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்தைச் சீர்செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுவித்தனர். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 அளவிற்கு இறங்கிற்று. விளக்கேந்திய மங்கை என்ற புகழில் நாம் மறந்துவிடும் செய்தி இது. தனி ஒருவரின் தொண்டு பெரிது. ஆயினும் நீரும் காற்றும் கழிவகற்றலும் செம்மையுறாத இடத்திலே அத்தொண்டு தோற்றுப்போகும். இதனை எல்லாரினும் நன்குணர்ந்தவர் அம்மையாரே. அவ்விறப்புக்களைக் கணக்கிட்டு 1858 இல் வண்ண வரைபடங்களாக வெளியிட்டு, ஆட்சியாளரை அசைத்தார். 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயராலே தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கிற்று.

அம்மையார் நெடுங்காலம் தொற்றுக் கொள்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. தீய காற்றே நோய்க்கு முதல் என்று நம்பினார். அவ்வாறு நம்பியும், தாதி நாள்தோறும் பன்முறை கை கழுவவேண்டும் என்று தமது தாதியியல் நூலில் வற்புறுத்தினார். அவரிடம் கொள்கை பிழைத்தும் செயல் சரியாயிற்று. செம்மல்வைஸிடம் செயல் சரியாயிருந்தும், காரணத்தை முழுதும் விளக்க இயலாமையால் பிறர் ஏற்றிலர். செயலும் காரணமும் ஒரு நெஞ்சிற் சேரும்போதே விதி உறுதிபெறும். காரணம் அறியாது மனனம் செய்த விதி, மேற்பார்வையாளர் நீங்கியதும் நழுவிவிடும். வேலை மிகுந்த இரவிலே முதலில் விடப்படுவதும் அதுவே.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். உடலில் நோயெதிர்க்கும் ஆற்றல் உண்டென்பது பழைய அனுபவம். வைசூரி கண்டு பிழைத்தவனுக்கு அந்நோய் மீண்டும் வருவது அரிது என்பதை இந்தியரும் சீனரும் துருக்கியரும் அறிந்து, நோய்ப்பாலைச் சிறிதளவு உடலிற் செலுத்தி வந்தனர். 1796 மே 14 ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வேட் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் பாலை 8 வயதுச் சிறுவனுக்குக் குத்தி, அச்சிறுவனை வைசூரி பற்றாததைக் காட்டினார். அம்மைப்பால் 1802 இலேயே இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கிய முயற்சி 1980 இல் நிறைவெய்தியது. அவ்வாண்டு உலக சுகாதார நிறுவனம் வைசூரி உலகினின்றும் ஒழிந்ததென அறிவித்தது.

ஆனால் இவ்வாற்றல் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது ஜென்னருக்குத் தெரியாது. 1882 இல் ருசிய அறிஞர் மெச்னிக்கோவ், இத்தாலியின் மெசீனாக் கடற்கரையில், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திரமீன் குடம்பியினுட் சிறு முட்களைச் செலுத்தி, நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். நடமாடும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. நம் குருதியின் வெண்குழியங்களும் இவ்வாறே கிருமியைச் சூழ்ந்து விழுங்குகின்றன என அவர் கொண்டார். 1890 இல் பேர்லினில் பேறிங், கிற்றசாற்றோ என்னும் இருவர், ஏற்புவலி நோய்க்கும் தொண்டைக்கரப்பானுக்கும் எதிராகக் குருதி நீரிலே ஒரு மாற்றுப்பொருள் தோன்றுவதைக் கண்டனர். போல் ஏர்லிக் அதன் தன்மையை விரித்துரைத்தார். காவலர் கலங்களா, குருதி நீரிற் கரைந்த பொருளா என்று அறிஞர் இரு சாராராய் வாதிட்டனர். 1908 இல் மெச்னிக்கோவுக்கும் ஏர்லிக்குக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கண்டிருந்தனர்.

இன்று நிர்ப்பீடனம் எனப்படும் அவ்வாற்றலை ஓர் அரணுக்கு ஒப்பிடலாம். மதில் போன்றது தோல். அகழி போன்றவை கண்ணீரும் உமிழ்நீரும் மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் சளிப்படையும். இரைப்பையின் அமிலமும் அத்தகையதே. மதிலைக் கடந்த கிருமியை உடனே எதிர்ப்பவை விழுங்கும் வெண்குழியங்கள். புண் சிவந்து, வீங்கி, சூடேறி, நோவதெல்லாம் அப்போரின் அடையாளங்களாம். இவை எவ்வகைக் கிருமியையும் வேற்றுமை பாராது எதிர்ப்பன. இவற்றின் பின்னே நிணநீர்க்குழியங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு சாரார் ஒவ்வொரு பகைவனுக்கும் ஏற்ற தனித்தனிப் பிறபொருளெதிரியை ஆக்குவர். மற்றொரு சாரார் கிருமி புகுந்த கலங்களை அழிப்பர். போரை நெறிப்படுத்துவோரும் அவருள் உளர். ஆயின் புதுப் பகைவனை இனங்கண்டு இப்படை முழுதாய்த் திரள ஒரு கிழமையோ அதற்கு மேலோ செல்லும். போர் முடிந்தபின் சில குழியங்கள் அப்பகைவனை நினைவிற் கொண்டு நெடுங்காலம் வாழும். அவன் மீண்டும் வரின் படை விரைந்தெழும். தடுப்பூசி செய்வது இந்நினைவை நோயின்றியே ஊட்டுதல்.

இவ்வரண் வலியது, ஆயினும் எல்லையுடையது. மதில் உடையாதிருக்கும் வரையே அதன் வலிமை முழுமையானது. பிள்ளை பெற்ற தாயின் கருப்பையில், நச்சுக்கொடி பிரிந்த இடம் ஒரு பெரிய திறந்த புண்ணாகும். வியன்னாவின் வைத்தியர் கை நேரே அங்குச் சென்றது. வாட்டசாட்டமான இளம்பெண்கள் இரண்டொரு நாளில் மாண்டனர் என்றால், அவர்தம் நிர்ப்பீடனம் குறைபாடுடையது என்பதன்று பொருள். பகைப்படை பெருந்தொகையாக, உடைந்த மதிலின் வழியே, படை திரளுமுன் புகுத்தப்பட்டது என்பதே பொருள். இன்றைய வைத்தியசாலையில் இவ்வாறு மதில் உடைபடும் இடங்கள் பல. குருதி நாளத்திற் செருகும் ஊசிக்குழாய் ஒன்று. சிறுநீர்ப்பையிற் செலுத்தும் குழாய் ஒன்று. சத்திரசிகிச்சைப் புண் மற்றொன்று. இவற்றைத் திறப்பதும் பேணுவதும் தாதியின் கையே. குறைமாதக் குழந்தைக்கோ காவற்படை முதிரவில்லை. முதியோர், நீரிழிவு நோயாளர், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர் ஆகியோரிடத்தில் அது தளர்ந்திருக்கும். ஆதலின், உடலின் மதில் திறந்திருக்கும் இடத்தில் தாதியின் தூய கையே மதிலாக நிற்கவேண்டும். உடலுக்குள் ஆற்றல் இருக்கின்றதே என்ற என் மாணவியின் வினாவிற்கு இதுவே விடை.

தோலில் என்றும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உள. அவை பெரும்பாலும் தீங்கற்றவை. நோயாளியையோ அவர் கட்டிலையோ தொடும்போது வந்தொட்டும் வழிப்போக்கரே அஞ்சத்தக்கவர். அவர்களைக் கண் காணாது. எனினும் அவர்கள் தோலின் மேற்புறத்திலே தங்குவதால், சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 40 முதல் 60 விநாடி வரை தேய்த்துக் கழுவின் நீங்கிவிடுவர். அற்ககோல் கலந்த திரவத்தால் 20 முதல் 30 விநாடி வரை தேய்த்தலும் போதும். கையில் அழுக்குத் தெரியும்போதும், வித்தி வடிவில் வாழும் சில வயிற்றோட்டக் கிருமிகள் உள்ள இடத்திலும், அற்ககோல் போதாது. சவர்க்காரமும் நீருமே வேண்டும்.

கையுறை அணிந்தால் கை கழுவவேண்டியதில்லை என்பாரும் உளர். கையுறையின் வரலாறே அதற்கு மறுமொழி. 1889–90 அளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், கிருமிகொல்லும் இரச மருந்தினாற் கை புண்பட்ட கரொலைன் ஹம்ரன் என்னும் தாதிக்காகவே, சத்திர வைத்தியர் ஹோல்ஸ்ரெட் மெல்லிய இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார். முதலில் அவை காத்தது தாதியின் கையை. நோயாளியையும் காக்கும் என்பது பின்னரே உணரப்பட்டது. ஒரே கையுறையுடன் கட்டிலுக்குக் கட்டில் செல்பவர் காப்பது தம்மை மட்டுமே. நோயாளிகளுக்கு அக்கையுறையும் கழுவாத கைதான்.

1928 இல் பெனிசிலின் கண்டறியப்பட்டு, 1940களில் வழக்குக்கு வந்தபோது, இனிக் கைத்தூய்மை அத்துணை வேண்டுவதில்லை என எண்ணியோர் உண்டு. அவ்வெண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் அப்பத்தாண்டிலேயே தோன்றின. அவற்றை அடக்க ஆக்கிய மெதிசிலினுக்கும் அடங்காதவை 1961 இல் இங்கிலாந்திற் காணப்பட்டன. மருந்து தோற்கத் தொடங்கும் இடத்திற் பழைய விதியே மீண்டும் துணையாகின்றது. 2009 இல் உலக சுகாதார நிறுவனம் கைத்தூய்மைக்குரிய ஐந்து தருணங்களை வகுத்து வெளியிட்டது. நோயாளியைத் தொடுமுன், தூய செய்முறை ஒன்றைத் தொடங்குமுன், உடற்கழிவு நீர்கள் பட்டிருக்கக்கூடிய நிலையின் பின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய சூழலிலுள்ள பொருளைத் தொட்டபின் என்பன அவை. முதல் இரண்டும் நோயாளியைக் காப்பன. ஏனைய மூன்றும் தாதியையும் அடுத்த நோயாளியையும் காப்பன. 2020 இற் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது, செம்மல்வைஸின் பாடத்தை வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, நாம் எல்லோரும் புதிதாய்ப் படிக்க நேர்ந்தது.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த மாணவி இறுதியில் ஒன்று கூறினாள். "காரணம் விளங்குகிறது சேர். ஆனால் இரவிலே விடுதி முழுவதற்கும் நாங்கள் இரண்டு பேர். குழாய் ஒரு மூலையில் இருக்கிறது." அதற்கு நான் உடனே மறுமொழி கூறவில்லை. பின்னர் ஸ்கூட்டாறியின் கழிவுக் கால்வாயை அவளுக்கு நினைவூட்டினேன். கை கழுவு என்று தாதிக்குக் கட்டளையிடுவோர், கட்டிலருகே கைத்திரவத்தையும், விடுதியிற் போதிய குழாய்களையும், வேலைக்குப் போதிய கைகளையும் வழங்கக் கடமைப்பட்டோர். அதனைச் செய்யாது விதியை மட்டும் சுவரில் ஒட்டுதல், பேச்சு வழக்கின் பொருளிலே தாதியரைக் கைகழுவி விடுதலாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து பணிசெய்வோனையும் ஒரு கூறாக வைத்தார். நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிறைவுறாது. நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் மருத்துவராகச் செல்வோரை நாம் விழாவெடுத்துப் பாராட்டுகின்றோம். தாதியராகச் செல்வோரையும் அவ்வாறே மதித்து அனுப்புவோமாக. அனுப்பும்போது விதியை மட்டுமன்றி, அவ்விதிக்காக வியன்னாவில் மாண்ட தாய்மாரின் வரலாற்றையும் அவர்கள் நெஞ்சிற் பதித்து அனுப்புவோமாக. எவரும் காணாத நள்ளிரவில், களைத்த ஒரு தாதி மூலையிலுள்ள குழாய்வரை நடப்பாளாயின், அவளை நடத்திச் செல்வது அவ்வறிவேயாகும்.